டமாஸ்கஸ் குழலில் சுட்டவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வரிக்குழல்:
தாத்தாவின் 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி என் கைக்கு வந்தது. கம்பிகளை முறுக்கி ஒட்டிச் செய்த டமாஸ்கஸ் குழல், நெடுக பாம்புச் சட்டை போல வரிகள். "சுட்டால் மடல் மடலாகக் கிழிந்துவிடும், தொடாதே" என்று பார்த்தவரெல்லாம் பயமுறுத்தினார்கள். சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று துப்பாக்கி ரிப்பேர் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் வரிகளைக் கண்டுகொள்ளவே இல்லை. முதலில் அடிப்பக்கத்துச் சோதனை முத்திரையை (குழல் அழுத்தம் தாங்கும் என்று சோதித்துக் குத்துவது) பார்த்தார், அப்புறம் குழலுக்குள் அளவுகோலை விட்டார். முத்திரைப்படி உள்விட்டம் 0.729 அங்குலம், இடது குழலில் இருந்ததோ 0.745. எப்போதோ யாரோ துருக்குழி தெரியாமலிருக்க உள்ளே தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். ஓரிடத்தில் குழலின் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணாடி போல மின்னிய குழல்தான் மோசமான குழல்!

முறுக்குக்கம்பி:
என்னுடையதும் டமாஸ்கஸ்தான், இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்தது. பல வருடமாகச் சுடுகிறேன். இரும்பும் எஃகும் கலந்த கம்பிகளை முறுக்கி, பட்டையாக்கி, உருளையில் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் என்றால் பலவீனம் என்றே நினைக்கிறோம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பர்மிங்காம் சோதனைச் சாலையில் 39 வகைக் குழல்களை உடையும்வரை சுட்டுப் பார்த்தபோது முதலில் வந்தது இப்படி ஒட்டிச் செய்த ஒரு ஆங்கிலேயக் குழல்தான். வார்த்த எஃகு அதற்குப் பின்னால்தான்.

கவனிக்க வேண்டியது தோட்டாவை. பழைய துப்பாக்கிகளில் அறை, அதாவது தோட்டா உட்காரும் இடம், பெரும்பாலும் 65 மிமீ நீளம். இன்றைய தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் 70 மிமீ என்பது சுட்டு விரிந்தபின் உள்ள நீளம். சுடுமுன் வாய் மடிந்து குட்டையாக இருப்பதால் பழைய அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். என் துப்பாக்கி இன்றைய புகையில்லா வெடிமருந்துக்கு மறுசோதனை செய்து முத்திரை வாங்கியது. அப்படியும் 65 மிமீ, அழுத்தம் குறைந்த தோட்டா மட்டும்தான் போடுகிறேன்.

மஞ்சள் தோட்டா:
வெடித்த குழலை ஒரே ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். அது டமாஸ்கஸே இல்லை, புத்தம்புது எஃகு. 20 போர் தோட்டா (எண் பெரிது, தோட்டா சிறிது) ஒன்று தவறுதலாக 12 போர் அறைக்குள் போய் முன்னால் சிக்கிக்கொண்டது. சுடவில்லையே என்று திறந்தவர், காலி என நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். விரல்கள் தப்பியதே பெரிது. இதற்காகத்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம். இரண்டையும் ஒரே பையில் போடவே போடாதீர்கள்.

கைவைக்கமாட்டேன்:
எனக்கு இன்னும் பயம்தான் ஐயா. பர்மிங்காமில் உடைத்துப் பார்த்தவை புதுக் குழல்கள். ஒட்டின இடத்தில் சிக்கிய கசடு நூறு வருடத்தில் துருப்பிடித்து எவ்வளவு அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

வரிக்குழல்:
அதே கேள்வியைப் பெரியவரிடம் கேட்டேன். "உன் குழலுக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை, இது ஏற்கெனவே மெலிசு" என்றார். அறைக்கு முன்னால் வெட்டிவிட்டுப் புது எஃகுக் குழாய் செருகலாமாம். வரிகள் போய்விடுமே என்று மனம் வரவில்லை. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுடும் ஊசி இரண்டையும் கழற்றி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.