டயாலிசிஸ் பையில் வெண்மேகம்: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

குளிரறைவாசி:
நிக்கலைப் பற்றும் ஹிஸ்டிடின் வால் ஒட்டிய புரதம், அதைத் தயாரிக்க பிஎல்21 என்ற ஈ. கோலை பாக்டீரியா, 18 டிகிரியில் இரவு முழுவதும் வளர்ப்பு, எல்லாம் வழக்கம்போலத்தான். நிக்கல் பிசினைப் பற்றியிருந்த புரதம், அதைக் கழற்றிவிடும் இமிடசோலில், 250 மில்லிமோலாரில் இறங்கியது. புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஒற்றைப் பட்டை, சுத்தம் என்று நினைத்தேன். இமிடசோலை நீக்க, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் கதவைத் திறந்தால் பைக்குள் வெண்மேகம்! கையில் எடுத்ததும் மெல்லச் சுழன்று அடியில் படிந்தது. மையவிலக்கியில் சுற்றிய பிறகு மேலே நின்ற தெளிவில் புரதமே இல்லை. அந்தப் படிவை இன்னும் எறிய மனம் வரவில்லை.

தடித்தபட்டை:
அது உங்கள் புரதம்தான் என்று யார் சொன்னது? ஒற்றைப் பட்டையை நம்புவதை நான் விட்டுவிட்டேன். எங்கள் இலக்கு 26 கிலோடால்டன். ஜெல்லில் ஏறக்குறைய அங்கேயே ஒரு பட்டை. ஆய்வகமே கொண்டாடியது. நொதியின் செயல்பாடுதான் சுழியம். எந்தப் புரதம் என்று காட்டும் நிறை நிறமாலை அறிக்கை வந்ததும் வழிகாட்டி உரக்கப் படித்தார்: ‘ஸ்லைடி’. ஈ. கோலையின் சொந்தச் சரக்கு. ஹிஸ்டிடின் நிறைந்த வால் இருப்பதால் நிக்கலை விடாமல் பற்றிக்கொள்ளும். “பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவையே பிரித்தெடுத்திருக்கிறீர்கள், சபாஷ்” என்றார்.

நீலப்பிசின்:
கேள்வி படிவைப் பற்றி, பதில் பட்டையைப் பற்றி. நன்று.

என் கதை சிறியது. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்க யாரோ கொடுத்த புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையில், உலோகத்தைப் பிடுங்கும் ஈடிடிஏ இருந்திருக்கிறது. நிக்கல் ஏறிய நீலப் பிசின் என் கண்ணெதிரே மேலிருந்து கீழாக வெளுத்துக்கொண்டே வந்தது. நிக்கலோடு புரதமும் போயிற்று.

குளிரறைவாசி, இமிடசோலை ஒரேயடியாக நீக்காமல் படிப்படியாகக் குறையுங்கள். உப்பு 300 மில்லிமோலாருக்குக் கீழே போக வேண்டாம். கிளிசரால் 10 சதவீதம் சேருங்கள். செறிவு அதிகமென்றால் முதலிலேயே நீர்க்கச் செய்யுங்கள். முழுவதையும் பையில் கொட்டுமுன் நூறு மைக்ரோலிட்டரை மட்டும் வெவ்வேறு பஃபர்களில் (பிஎச்சை நிலைநிறுத்தும் கரைசல்களில்) விட்டுப் பாருங்கள். டிரிஸ் பஃபர் பயன்படுத்தினீர்களா? அது குளிரில் மாறும். 25 டிகிரியில் பிஎச் 7.5 என்று சரிசெய்தால் 4 டிகிரியில் 8.1 அளவுக்கு ஏறிவிடும். புரதத்தின் சம மின்புள்ளி, அதாவது அதன் நிகர மின்னேற்றம் சுழியமாகும் பிஎச், அதற்கருகே இருந்தால் கரைதிறன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். பஃபரைக் குளிரறையிலேயே வைத்துச் சரிசெய்ய வேண்டும், யாரும் செய்வதில்லை.

குளிரறைவாசி:
உப்பும் கிளிசராலும் இருந்தன. நான் தீர்வு கேட்கவில்லை, உங்களுக்கும் நேர்ந்ததா என்றுதான் கேட்டேன். ஆனால் டிரிஸ்தான். கணித்த சம மின்புள்ளி 8.2.

தடித்தபட்டை:
இருக்கட்டும். படிவை 8 மோலார் யூரியாவில் கரைத்து நிறை நிறமாலைக்கு அனுப்புங்கள். ஸ்லைடி வந்தால் இங்கே வந்து சொல்லுங்கள்.