கேஸே போடாம வருஷக்கணக்கா உள்ள வெக்க இலங்கைல எப்படி முடிஞ்சுது?

கொடுங்கையூர் வாசகி:
நான் வேலை செய்யற எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு புழல் காவாங்கரை அகதி கேம்ப்லேர்ந்து ஒரு அக்கா வராங்க, இலங்கைல மன்னார் பக்கம் அவங்களுக்கு. 90கள்ல அவங்க பெரியண்ணன ஆர்மி புடிச்சினு போயி, கேஸ் எதுவும் போடாம, கோர்ட்ல ஒரு தடவகூட நிறுத்தாம, வருஷக்கணக்கா வெச்சிருந்துட்டு ஒரு நாள் போடான்னு வெளிய விட்டுட்டாங்களாம். என்ன குத்தம்னு அவருக்கு இன்னி வரைக்கும் தெரியாது. எங்க ஏரியால குண்டாஸ்னா சின்ன பசங்களுக்குகூட தெரியும், தூக்குனா ஒரு வருஷம்னு, ஆனா அதுக்காச்சும் ஒரு ஆர்டர் காப்பி கைல குடுப்பாங்க, வூட்ல நகைய அடகு வெச்சாவது வக்கீல புடிச்சி ஐகோர்ட்ல மனு போடுவாங்க. அங்க அப்படி எதுவுமே இல்லயா, கோர்ட்டு கேக்காதா? அந்த அக்காவயே தோண்டித் தோண்டி கேக்க மனசு வரல, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாரிமுனை குமாஸ்தா:
வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன். அது 1979 ஜூலைல ஜெயவர்த்தனே ஆட்சில வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம். மூணு வருஷத்துக்கு மட்டும்னு சொல்லி கொண்டுவந்தாங்க, 1982ல நிரந்தரமாக்கிட்டாங்க. உங்க கேள்விக்கு பதில் அதோட 9வது பிரிவுல இருக்கு. பாதுகாப்பு மந்திரி சந்தேகம்னு கையெழுத்து போட்டா 3 மாசம், அதயே நீட்டி நீட்டி 18 மாசம், எந்த எடத்துல வெக்கறதுன்னும் மந்திரியே சொல்லலாம், அதனாலதான் ஜெயிலுக்கு பதிலா ராணுவ முகாம்லயே வெக்க முடிஞ்சுது. அந்த ஆர்டர எந்த கோர்ட்லயும் கேள்வி கேக்கக்கூடாதுன்னு 10வது பிரிவு. இது போதாதுன்னு கேஸ் இல்லாம உள்ள வெக்கறதுக்கு அவசரகால விதிகள் வேற தனியா இருந்துது, போர் முடிஞ்சும் 2011 ஆகஸ்ட் வரைக்கும்.

குண்டாஸ் 1982ல வந்த நம்ம மாநில சட்டம், அதிகபட்சம் 12 மாசம். 5 நாளுக்குள்ள காரணத்த எழுதி குடுக்கணும், ஆலோசனைக் குழு முன்னாடி வெக்கணும், குழு காரணம் பத்தாதுன்னு சொல்லிட்டா விட்டே ஆகணும். குடுத்த பேப்பர் படிக்க முடியல, தமிழ்ல குடுக்கலன்னுகூட ஐகோர்ட்ல உடைச்சிருக்காங்க. இலங்கை சட்டத்துலயும் ஆலோசனைக் குழு உண்டு, ஆனா அது சொல்றத மந்திரி கேக்கணும்னு கட்டாயம் இல்ல. அதுக்காக குண்டாஸ நல்ல சட்டம்னு நான் சொல்லல, வியாசர்பாடி, காசிமேடு பசங்க எத்தன பேரு ஆர்டர் உடையற வரைக்கும் மாசக்கணக்கா உள்ள கெடந்து வராங்கன்னு தெனமும் பாக்கறேன்.

ராயபுரம் பெரியவர்:
கோர்ட்டு கேக்காதான்னு கேட்டம்மா, இந்த ஊர்லயே ஒரு காலத்துல கேக்கல. 1976 ஜனவரி 31 கலைஞர் ஆட்சிய கலைச்சாங்க, உடனே மிசால, விசாரணையே இல்லாம உள்ள வெக்கற சட்டம் அது, கட்சிக்காரங்கள அள்ளிட்டு போனாங்க, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல அப்ப இருந்த ஜெயில்லதான் வெச்சாங்க. இப்ப முதலமைச்சரா பாத்தோமே ஸ்டாலின், அவரும் உள்ள இருந்தவரு. மேயரா இருந்த சிட்டிபாபு அங்க வாங்குன அடியிலேர்ந்து மீளாம 1977 ஜனவரில செத்துட்டாரு, அந்த ஜெயில்ல நடந்தத பின்னாடி நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரிச்சுது. இதுக்கு நடுவுல 1976 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிச்சு தெரியுமா, எமர்ஜென்சில ஆட்கொணர்வு மனுவே போட முடியாதுன்னு 4 ஜட்ஜு சொன்னாங்க, கன்னா ஒருத்தர் மட்டும் ஒத்துக்கல, தலைமை நீதிபதி பதவி அவர தாண்டி போச்சு.

தண்டையார்பேட்டை 81:
எல்லாம் சரி, ஆனா பஸ்ல மார்க்கெட்ல குண்டு வெடிக்கிற நாட்டுல போலீஸ் சாட்சி தேடினு இருக்க முடியுமா? முதல்ல புடி, அப்புறம் விசாரின்னுதான் எந்த கவர்மெண்ட்டும் போவும்.

புழலில் வளர்ந்தவன்:
தண்டையார்பேட்டை அண்ணா, புடிச்ச பிறகு விசாரிச்சா நீங்கள் சொல்றது சரி. எங்கட ஊரில ஆம்பிளையள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில இருத்தி ஒவ்வொருத்தரா நடக்க விடுவாங்கள், முகத்த மூடின தலையாட்டி ஒருத்தன் வாகனத்துக்குள்ள இருப்பான், அவன் தலைய ஆட்டினா அவ்வளவுதான், அதுதான் சாட்சி. என்ர மாமா அப்பிடித்தான் போனவர். அம்மம்மா அவற்ற போட்டோவ வச்சுக்கொண்டு முகாம் முகாமா அலைஞ்சவ, எல்லா வாசல்லயும் இஞ்ச இல்ல எண்டதுதான் பதில். எங்க இருக்கிறார் எண்டு தெரிஞ்சாத்தானே வக்கீல் வைக்கிறது?

உள்ள இருக்கிற ஆளுக்கு பாதுகாப்பும் இல்ல. 1983 ஜூலையில வெலிக்கடை சிறையில இரண்டு தரமா 53 தமிழ்க் கைதிகள வெட்டியும் அடிச்சும் கொலை செய்தவங்கள், அதில கனபேர் வழக்கு முடியாதவை. மட்டக்களப்பு ஆள் ஒருத்தருக்கு அவருக்கு விளங்காத சிங்களத்தில எழுதின வாக்குமூலத்தில கைநாட்டு வாங்கி, அத வச்சே 50 வருஷம் தீர்ப்பு, பிறகு 35 ஆக குறைச்சவை. அடிச்சு வாங்கினது எண்டு அவர்தான் நிரூபிக்க வேணுமாம். 2004ல ஐநா மனித உரிமைக் குழு இது பிழை எண்டு சொல்லியும் நாட்டு கோர்ட் ஏற்கேல்ல.

தமிழனுக்கு மட்டும் எண்டும் நினைக்காதேங்கோ. 87-89ல ஜேவிபி கிளர்ச்சிக்காரர் எண்டு சொல்லி தெற்கில சிங்களப் பொடியள அள்ளி பூசா முகாமில போட்டவை. 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு முஸ்லிம்கள், ஒரு வக்கீலையே 2020 ஏப்ரல்ல புடிச்சு 2022 பெப்ரவரியிலதான் பிணையில விட்டவை. இஞ்ச தமிழ்நாட்டிலயும் 1990 வாக்கில சிறப்பு முகாம் திறந்தவை, வேலூர், செங்கல்பட்டு, பூந்தமல்லி, பிறகு திருச்சி. கோர்ட் ஜாமீன் குடுத்து வெளிய வாற ஆள வெளிநாட்டவர் சட்டத்தில திரும்ப அங்க கொண்டுபோய் வைப்பினம். அதுக்கு 12 மாசம் 18 மாசம் எண்ட கணக்கே இல்ல.

தண்டையார்பேட்டை 81:
சிறப்பு முகாம் விஷயம் இவ்ளோன்னு தெரியாது தம்பி. ஆனா குண்டு வெச்சவன்மேல கோவம் எனக்கு போகாது.

புழலில் வளர்ந்தவன்:
போக வேண்டாம் அண்ணா. அவனுக்கு கேஸ் போடட்டும், ஜட்ஜுக்கு முன்னால நிப்பாட்டட்டும்.

கொடுங்கையூர் வாசகி:
எல்லாருக்கும் நன்றி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் வேலையே ஓடல. இன்னொன்னு கேக்கணும். அந்த அண்ணன் இன்னும் மன்னார்லதான் இருக்காராம், உள்ள இருந்ததுக்கு ஒரு துண்டு பேப்பர்கூட கைல இல்லயாம். இப்ப எதனா வாங்க முடியுமா? அந்த சட்டம் என்னாச்சு?

பாரிமுனை குமாஸ்தா:
2022ல திருத்துனாங்க, 18 மாசம் 12 ஆச்சு, கோர்ட்டுக்கு போற வழிய கொஞ்சம் தெறந்தாங்க. பேப்பருக்கு ஒரு வழி இருக்கு. சர்வதேச செஞ்சிலுவை சங்கத்து (ICRC) ஆளுங்க 1989லேர்ந்து அங்க தடுப்பு முகாம்களுக்கு போயி கைதிங்க பேர பதிஞ்சிருக்காங்க. அவங்க நேர்ல பாத்து பதிஞ்ச ஆளா இருந்தா அதுக்கு ஒரு அத்தாட்சிக் கடிதம் குடுப்பாங்க. யாராச்சும் வெள்ளைக்காரங்க வந்து பேரு, ஊரு எழுதினு போனாங்களான்னு அவர நியாபகப்படுத்தி பாக்க சொல்லுங்க. எந்த முகாம், எந்த வருஷம், அப்பாரு பேரு, இதெல்லாம் எழுதி கொழும்புல இருக்கற அவங்க ஆபீஸுக்கு அவரே கேட்டு எழுதணும். அக்காவ எழுத சொல்லாதீங்க, உள்ள இருந்தவர் கையெழுத்து வேணும்.