மறு: கலர் பிளைண்ட்னெஸ் – நிறமயக்கம் சரிவருமா?

> நிறக்குருடு என்பது பழகிய சொல்தானே, ஏன் மாற்ற வேண்டும்?

அகராதியில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆசிரியர் கையேட்டில் வேண்டாம். குழந்தையைக் குருடு என்பது வசை என்பது ஒருபுறமிருக்க, அந்தச் சொல் தரும் தகவலே தவறு. எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது மிக அரிது. பெரும்பாலான குழந்தைகளுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்புதான் குழம்பும். "வானத்துக்கு நீலம் சரியாகத் தீட்டுகிறானே" என்று ஆசிரியர் நம்பிவிடுவார். அப்புறம் இலையைப் பழுப்பாக்கினால் கவனமில்லை என்று திட்டு.

> நிறப்பார்வைக் குறைபாடு?

மருத்துவச் சான்றிதழுக்குப் போதும்.

> மயக்கம் என்றால் பெற்றோர் தலைசுற்றல் என்று பயப்பட மாட்டார்களா?

முதல்முறை கேட்கும்போது பயப்படலாம். ஆனால் ஒன்றுபோல ஒலித்துக் குழப்பும் ல, ள, ழ மயங்கொலிகள் என்பது பள்ளிக்குப் போன எல்லாருக்கும் தெரியும். அதே வழியில் மயங்குநிறம் என்று இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம். நிறமயக்கம் குழந்தையின் பார்வையைச் சொல்வது. மயங்குநிறம் நாம் அச்சிடும் தாளைச் சொல்வது. 1917-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட நிறப்பார்வைச் சோதனை அட்டைகளே மயங்குநிறப் புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்தவைதாம். (எண் தெரியாத சிறு குழந்தை விரலால் கோட்டைத் தொடர்ந்து போகும் அட்டைகளும் அதில் உண்டு.) சோதனைக்கு வேண்டுமென்றே வைப்பதை, பாடநூலில் தெரியாமல் வைக்கிறோம்.

சொல் இருந்தால் கையேட்டில் சுருக்கமாக எழுதலாம்: வரைபடத்தில் மயங்குநிறங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள், வைத்தே ஆகவேண்டுமென்றால் ஒன்றில் கோடு, மற்றதில் புள்ளி போடுங்கள். கரும்பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டி வேண்டாம். திருத்தும்போது சிவப்பு மையை மட்டும் நம்பாமல் அடிக்கோடும் இடுங்கள். வீட்டில் கிரேயான்கள் மேல் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள். வருகிறவர்கள் முன்னால் "இது என்ன கலர், சொல்லு பார்ப்போம்" என்று சோதிப்பதை நிறுத்துங்கள். இந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன்.

> அரிதான ஒன்றுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

அரிதில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு உண்டு. பெண்களில் 200 பேரில் ஒருவருக்கு. பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்பிள்ளைகளிடம் அதிகம். தாய்க்கு அறிகுறியே இல்லாமல் மகனுக்கு வரலாம். கையேட்டில் இதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் "எங்கள் பக்கம் யாருக்கும் இல்லையே" என்று வீட்டில் சண்டைதான்.

எந்த நிறமுமே தெரியாத அந்த அரிய வகைக்குத் தனிச்சொல் தேவை. நிறமிலிப் பார்வை என்று வைத்திருக்கிறேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள்.