இரண்டு முறை லேமினைட்டிஸ் வந்த குதிரை: தீவனம், மேய்ச்சல், குளம்பு

கேள்வி:

பெண்குதிரை, 14 வயது, எடை 400 கிலோ. ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு முறை முன்கால்களில் லேமினைட்டிஸ் (குளம்புக்குள் வரும் வலிமிகுந்த அழற்சி). வலி மருந்தை நிறுத்தியாயிற்று, நொண்டல் இல்லை. ஆனால் பிடரி தடித்துக் கெட்டியாக இருக்கிறது. வாலடியில் கொழுப்புத் திரண்டிருக்கிறது. தானியம் அறவே கிடையாது. காய்ந்த புல் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ? ஊறவைத்தே ஆகவேண்டுமா? மேய விடலாமா? மூன்றாவது முறை வரக்கூடாது, அதுதான் கவலை.

பதில் 1:

பிடரியும் வாலடியும் நீங்கள் சொல்வதுபோல் இருந்தால், முதலில் இன்சுலினைப் பாருங்கள். நோய் தெரிவது குளம்பில், தொடங்குவது பெரும்பாலும் ரத்தத்தில். இன்சுலின் ஏறும்போது, குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கிற மெல்லிய மடிப்புகள் நீண்டு தளர்கின்றன. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தால் பல குதிரைகளில் இன்சுலின் சரியாக இருப்பதுபோலவே தெரியும். சர்க்கரைப் பாகு கொடுத்து, 60 முதல் 90 நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்கும் சோதனையைக் கேளுங்கள். 14 வயது என்பதால் ஏசிடிஎச் (மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்) சோதனையும் சேர்த்துச் செய்வது நல்லது. பிட்யூட்டரி கோளாறு இருந்தால் எவ்வளவு பத்தியம் இருந்தும் நோய் திரும்பும். அதற்குப் பெர்கோலைடு மாத்திரை தினமும் தேவைப்படும். ஏசிடிஎச் கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் இயல்பாகவே கூடும், ஆகவே முடிவை அந்தப் பருவத்துக்கான அளவோடு ஒப்பிட வேண்டும்.

தீவனக் கணக்கு: உடல் எடையில் 1.5 சதவீதம், ஈரம் நீக்கிய எடையாக. 400 கிலோவுக்கு 6 கிலோ. காய்ந்த புல்லாக நிறுத்தால் கிட்டத்தட்ட 6.8 கிலோ. கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுங்கள். எடை குறையவில்லை என்று பாதியாகக் குறைத்துவிடாதீர்கள். பட்டினி போட்டால் கொழுப்பு ரத்தத்தில் கொட்டி ஈரல் கெடும். மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் அது உயிராபத்து. 1.2 சதவீதத்துக்குக் கீழே போகவே கூடாது, அந்த அளவுக்கு இறங்குவதும் மருத்துவர் பார்வையில்தான்.

புல்லைப் பரிசோதனைக்கு அனுப்பி, சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஊறவைக்க வேண்டியதில்லை. தெரியாத புல்லைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் மூழ்க வையுங்கள். அந்தத் தண்ணீரில்தான் சர்க்கரை இருக்கிறது. குதிரைக்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள். ஊறும்போது சத்தும் கரைவதால், ஊறவைக்குமுன் 7.5 முதல் 8 கிலோ நிறுத்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் ஊறிய புல் சீக்கிரம் புளித்துவிடும், உடனே போடுங்கள். எவ்வளவு சர்க்கரை போகும் என்பது புல்லுக்குப் புல் மாறும். ஊறவைத்துவிட்டோம் என்பதால் எந்தப் புல்லும் பத்திரமாகிவிடாது. தாதுக்களும் கரைவதால் தாமிரம், துத்தநாகம், வைட்டமின் ஈ உள்ள, சர்க்கரைப் பாகு சேராத தாதுக்கலவை தினமும் வேண்டும். கேரட், ஆப்பிள் எல்லாம் நிறுத்துங்கள்.

மேய்ச்சலைப் பொறுத்தவரை, புல்லில் சர்க்கரை விடியற்காலையில் குறைவு, பிற்பகலில் அதிகம். பின்னிரவில் விட்டு வெயில் ஏறுமுன் பிடித்துவிடலாம்.

பதில் 2:

மேலே சொன்னதில் மேய்ச்சல் பற்றி மட்டும் ஒரு திருத்தம். இரவு 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் புல் வளராது, பகலில் சேர்ந்த சர்க்கரை அப்படியே தங்கிவிடும். உறைபனி விழுந்த விடியற்காலைதான் மிக ஆபத்தானது. தவிர, மூன்று மணி நேரம் மட்டும் விட்டால் அந்த மூன்று மணி நேரத்தில் வேகவேகமாக மேய்ந்து ஈடுகட்டிவிடும். இன்சுலின் கட்டுக்குள் வரும்வரை இந்தக் குதிரைக்குப் பச்சைப் புல்லே வேண்டாம்; புல் இல்லாத மணல் தரையில் உலாவட்டும்.

குளம்புக்கு வருகிறேன். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். பக்கவாட்டு எக்ஸ்ரே இல்லாமல் சீவுவது இருட்டில் கத்தி வைப்பது மாதிரி. முன்நுனி நீண்டால் ஒவ்வொரு அடியிலும் அது நெம்புகோலாகித் தளர்ந்த மடிப்பை இன்னும் கிழிக்கும். ஆகவே நுனியைப் பின்னுக்குக் கொண்டுவந்து, உயர்ந்த குதிகாலைப் படிப்படியாகத் தாழ்த்தச் சொல்லுங்கள், குளம்பு சீவுபவரிடம். அடித்தளத்தைச் சுரண்ட விடாதீர்கள், அந்தத் தடிமன்தான் எலும்புக்குக் காவல். முன்சுவர் மாதம் 1 சென்டிமீட்டருக்குள்தான் வளரும், முழுதாகப் புதுச் சுவர் வர ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும்.

தினமும் காலையில் நாடி பாருங்கள்: குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்பக்கம், இரு ஓரமும். வழக்கமாக மெல்லத்தான் துடிக்கும். ஓங்கித் துடித்தாலோ, சிறு வட்டத்தில் திருப்பும்போது தயங்கினாலோ, கால் மாற்றி மாற்றி நின்றாலோ காத்திருக்காதீர்கள். மருத்துவரை அழைத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே வரை பனிக்கட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். தொடர்ந்து 48 மணி நேரமாவது. விட்டுவிட்டு வைத்தால் பயன் குறைவு. நடத்தவே கூடாது. படுக்கை கதவோரம் வரை கனமாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:

நன்றி. மேய்ச்சலை இன்றோடு நிறுத்துகிறேன். நடைப் பயிற்சி எப்போது தொடங்கலாம்? பின்னால் மேய்ச்சலுக்கு வாய்க்கூடை போட்டு விடலாமா?

பதில் 2:

வலி மருந்து இல்லாமல், கெட்டித் தரையில் திருப்பத்திலும் சீராக நடந்து, எக்ஸ்ரேயும் நிலையாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். மிருதுவான தரையில் நேர்கோட்டில் பத்து நிமிடம் போதும். மறுநாள் நாடி ஓங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

வாய்க்கூடை நல்லதுதான், 24 மணி நேரமும் அல்ல. போட்டபின் தண்ணீர் குடிக்கிறதா என்று நின்று பாருங்கள். மூக்கோரம் உரசல் இருக்கிறதா என்று தினமும் கழற்றிப் பாருங்கள். இன்னொன்று: தோல் அரிப்புக்கோ மூட்டுக்கோ யாராவது ஸ்டீராய்டு போட வந்தால், ஊசிக்கு முன்பே லேமினைட்டிஸ் இருந்ததைச் சொல்லிவிடுங்கள்.