டேவிட் பேர்ன்: இசை நூலா, சைக்கிள் நூலா, எதை முதலில் வாசிக்கலாம்?

கேள்வி (கிளிநொச்சி):
நான் பாடசாலையில் சங்கீதம் கற்பிக்கிறேன், போய்வருவது சைக்கிளில்தான். டோக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ரொக் இசைக்குழுவின் பாடகராக இருந்த டேவிட் பேர்ன் 2009இல் ‘பைசிக்கிள் டயறீஸ்’ என்ற நூலையும், 2012இல் ‘ஹவ் மியூசிக் வேர்க்ஸ்’ என்ற இசை நூலையும் எழுதியிருக்கிறார். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் (முல்லைத்தீவு):
இசை நூலையே முதலில் எடுங்கள், ஆசிரியரே. இசை எந்த இடத்தில் ஒலிக்கப்போகிறதோ அந்த இடமே அதன் வடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அதன் முதல் அத்தியாயத்தின் வாதம். எதிரொலி நெடுநேரம் நிற்கும் கல் தேவாலயத்தில் வேகமான தாளம் குழம்பிவிடும், நீண்ட சுரங்களே பொருந்தும், திறந்தவெளியிலோ தோல்வாத்தியங்கள் தெளிவாகக் கேட்கும் என்று அவர் விளக்குகிறார். நமது கோவலன் கூத்தை எண்ணிப் பாருங்கள். களரியைச் சுற்றிச் சனம் இருக்க, கூத்தர் ஒரு வரியை உச்சக் குரலில் எடுப்பதும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்தோடு பிற்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடுவதும் வெட்டவெளிக்கென்றே அமைந்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

பதில் (வவுனியா):
சைக்கிள் நூல் பந்தயம் பற்றியதல்ல. 1980களின் தொடக்கத்திலிருந்து நியூயோர்க்கில் சைக்கிளில் போய்வந்த அவர், மடிக்கக்கூடிய சைக்கிளுடன் பெர்லின், இஸ்தான்புல், மணிலா போன்ற நகரங்களில் சுற்றித் திரிந்து கண்டதை எழுதுகிறார். ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கி ஓட்டுகிறவர்களுக்கு, நகரமும் வீதியும் யாருக்காக அமைக்கப்படுகின்றன என்ற அவருடைய கவலை நன்றாகவே விளங்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரே கூத்துப் பாட்டை மண்டபத்திலும் மைதானத்திலும் மாணவர்களைப் பாடவைத்துக் கேட்கப்போகிறேன்.