கஞ்சிக்கோட்டு உருக்காலைகளும் கிளேட்டன் கிறிஸ்டென்சனும்

வாளையாற்று வாசகர்:
ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் (1952–2020) முன்வைத்த 'சீர்குலைக்கும் புத்தாக்கம்' (மலிவான எளிய சரக்கோடு நுழையும் சிறு நிறுவனம் படிப்படியாக மேலேறிப் பெரிய நிறுவனங்களை வெல்வது) என்னும் கருத்து, நம் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கும் சிறு ஆலைகளுக்குப் பொருந்துமா?

சித்தூர்க்காரர்:
அவர் காட்டிய சான்றுகளில் ஒன்றே அத்தகைய ஆலைகள்தாம், ஐயா. அமெரிக்கச் சிற்றாலைகள் மின்னுலையில் பழைய இரும்பை உருக்கி, முதலில் கட்டுமானக் கம்பியை மலிவாக விற்றன. அதில் இலாபம் சொற்பம் என்பதால் பேராலைகள் அச்சந்தையை மகிழ்ச்சியுடன் கைவிட்டு மேல்தரச் சரக்குக்கு நகர, சிற்றாலைகளும் படிப்படியாகப் பின்தொடர்ந்தன. 1989இல் நியூகோர் என்னும் சிற்றாலை நிறுவனம் எஃகுத் தகட்டுச் சந்தைக்குள்ளும் நுழைந்தது. பெரிய நிறுவனங்களின் நல்ல நிர்வாகமே அவற்றைத் தோற்கடித்தது என்பதுதான் அவரது 1997ஆம் ஆண்டு நூலின் கூர்மை.

கொழிஞ்சாம்பாறை வணிகர்:
மலிவு மட்டும் போதாது, மேலேறும் தொழில்நுட்பமும் வேண்டும். கம்பியோடு நின்றுவிடும் ஆலையைச் சீர்குலைக்கும் புத்தாக்கக் கணக்கில் சேர்க்க இயலாது. வரலாற்றாசிரியர் ஜில் லெபோர் 2014இல் கிறிஸ்டென்சனின் சான்றுத் தேர்வையே கடுமையாக விமர்சித்தார், அதையும் படியுங்கள்.