ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் "உய்ய்ங்" சத்தம், இறக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள் – உதவி வேண்டும் (மதுரை)

தெப்பக்குளத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2017 மாடல் டீசல் செடான், 6 கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்). 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

பத்து நாளாக ஒரு சத்தம். தூரத்தில் மாவு மில் ஓடுவது போல "உய்ய்ங்" என்று ஒரே இழுப்பாக வருகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. காலையில் முதல் தடவை டி-யில் (முன்னே ஓட்டும் நிலை) போட்டால் ஒன்றரை விநாடி கழித்துத்தான் வண்டி பிடிக்கிறது, முன்பெல்லாம் போட்டவுடனே நகரும். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பழமுதிர்ச்சோலைக்கு அழைத்துப் போனேன். அழகர்கோவிலைத் தாண்டி மலை ஏறும்போது சத்தம் கூடியது, அப்புறம் ஒரு வளைவில் எஞ்சின் மட்டும் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. ஒரு கணம்தான், ஆனால் பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது, பயந்துவிட்டேன்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு "கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கணும், 1,40,000 வரை ஆகும்" என்றார்கள். எனக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால்தான் ஆட்டோமேட்டிக் வாங்கினேன். இதை விட்டால் வேறு வண்டியும் இல்லை. உண்மையிலேயே இறக்க வேண்டுமா? அதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

ஒத்தக்கடை வாசி:

அண்ணே, அவசரப்பட்டு இறக்காதீங்க. எனக்கும் இதே மாதிரி சத்தம் வந்தபோது கியர்பாக்ஸ் என்றுதான் நினைத்தேன், கடைசியில் பார்த்தால் முன்பக்க வலது சக்கரத்தின் பேரிங். 3,000 ரூபாய்க்குள் முடிந்தது.

ஒரு வழி சொல்கிறேன். நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் இருக்கிறதே, 7 கி.மீ.க்கு மேல் சிக்னலே இல்லாமல் போகலாம். விடியற்காலையில் ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 50-இல் சீராகப் போங்கள். இடது ஓரத்துத் தடுப்புச் சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வரும், உள்ளே கேட்காததெல்லாம் அங்கே கேட்கும். பேரிங் என்றால் "வூம்ம்" என்று வேகத்தோடு ஏறும், வளைவில் இடது பக்கம் திரும்பும்போது எடை வலது சக்கரத்தில் சாய்வதால் வலது பேரிங் இன்னும் அலறும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் "டக் டக் டக்" என்றால் அது ஆக்ஸில் ஜாயின்ட், வேறு கதை.

திருமங்கலம் ஃபோர்மேன்:

முப்பது வருடம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். ஒத்தக்கடைத் தம்பி சொன்னது நல்ல யோசனை, ஆனால் பேரிங் கெட்டால் டி-யில் போட்டதும் தாமதமாகப் பிடிக்காது, வளைவில் இழுவை போகாது. அதனால் எனக்கு வேறு சந்தேகம் இருக்கிறது. இருந்தாலும் கேட்காமல் முடிவு சொல்லக் கூடாது.

முதலில் ஒன்றே ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: அந்தச் சத்தம் எஞ்சின் சுற்றோடு போகிறதா, சக்கரத்தின் சுற்றோடு போகிறதா? மற்றதெல்லாம் அப்புறம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பி-யிலேயே (பார்க்கிங்) வைத்துக்கொண்டு எஞ்சினை மெதுவாக 2,000 சுற்றுக்கு ஏற்றுங்கள். நிற்கிற வண்டியிலேயே அந்த "உய்ய்ங்" கேட்டால் சக்கரம், டயர், டிஃபரன்ஷியல் எல்லாம் குற்றவாளிப் பட்டியலில் இருந்து வெளியே போய்விடும். கேட்காவிட்டால் ஒத்தக்கடைத் தம்பி சொன்ன பக்கம் பாருங்கள். அடுத்தது, பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே என் (நியூட்ரல்), டி, ஆர் (ரிவர்ஸ்) என்று மாற்றி ஒவ்வொன்றிலும் பத்து விநாடி காது கொடுங்கள். பி-யிலும் என்-னிலும் இல்லாமல் டி-யிலும் ஆர்-இலும் மட்டும் வந்தால் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பேரிங் மீது சந்தேகப்படலாம். எல்லா நிலையிலும் வந்து, எஞ்சின் சுற்றோடு ஏறி இறங்கினால் கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்ப், இல்லையென்றால் எஞ்சின் பெல்ட் ஓட்டும் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்சாரம் தருவது), பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர் உருளை ஏதாவது ஒன்று.

முக்கியமான ஒன்று. வண்டி வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது உள்ளே பம்ப் சுற்றாது, முன்சக்கரம் தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லாமல் காய்ந்து சுற்றும். வண்டி முழுவதையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரிதான் வேண்டும்.

அவனியாபுரம்:

சார், கியர்பாக்ஸ் சத்தத்தைக் குறைக்க ஒரு டின் எண்ணெய் மருந்து கடையில் கிடைக்கிறது. ஊற்றிப் பாருங்கள், எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்குச் சத்தம் நின்றது.

திருமங்கலம் ஃபோர்மேன்:

தம்பி, வேண்டாம். காரணம் தெரியாமல் அதை ஊற்றினால் சத்தம் கொஞ்ச நாள் அமுங்கும், நோய் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எவ்வளவு உராய வேண்டும் என்று கணக்குப் பண்ணித்தான் ஒவ்வொரு கம்பெனியும் ஏ.டி.எஃப். எண்ணெயை (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) தேர்ந்தெடுக்கிறது. அந்தக் கணக்கைக் கெடுத்தால் நல்ல கியர்பாக்ஸும் வழுக்க ஆரம்பிக்கும்.

வில்லாபுரம்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது சி.வி.டி. (பெல்ட்டும் கப்பியும் வைத்த ஆட்டோமேட்டிக்), எனக்கும் லேசான இரைச்சல் இருக்கிறது. ஏ.டி.எஃப். மாற்றினால் போதுமா?

திருமங்கலம் ஃபோர்மேன்:

கூடவே கூடாது. சி.வி.டி.க்கு எண்ணெயே வேறு. இரும்பு பெல்ட்டும் கப்பியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் வண்டி ஓடுகிறது, சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் அந்தப் பிடி போய்விடும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணெய் எதுவோ அது மட்டும்தான். தனி இழை போடுங்கள், அங்கே விவரமாகப் பார்ப்போம்.

தெப்பக்குளத்தான்:

ஃபோர்மேன் சார், நீங்கள் சொன்ன மாதிரியே இன்று காலை 5 மணிக்குச் செய்தேன். பி-யில் நிறுத்தி 2,000-க்கு ஏற்றினேன், சத்தம் தெளிவாகக் கேட்கிறது. என், டி, ஆர் எல்லாவற்றிலும் இருக்கிறது, டி-யில் கொஞ்சம் அடங்கின மாதிரி, அவ்வளவுதான். நத்தம் பாலத்திலும் ஓட்டினேன். 50-இல் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை விட்டேன், சுற்று இறங்கியதும் சத்தமும் இறங்கிவிட்டது, வண்டி அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் சக்கரம் இல்லை, சரிதானே?

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் நண்பரின் ஓபிடி ஸ்கேனரையும் மாட்டிப் பார்த்தேன், எந்தக் கோடும் (பிழைக் குறியீடு) இல்லை.

திருமங்கலம் ஃபோர்மேன்:

சரிதான், சக்கரத்தை விட்டுவிடலாம். கோடு இல்லை என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது. எண்ணெய் கொஞ்சம் குறைந்தாலும் சென்சார் அளவு எல்லை தாண்டும் வரை அது வாயைத் திறக்காது.

இப்போது பெல்ட்டா, பம்பா என்று பிரிக்க வேண்டும். பக்கத்து மெக்கானிக்கிடம் சொல்லி, குளிர்ந்த எஞ்சினில் வெளி பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம், சில வண்டிகளில் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும். சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டர் பக்கம், நிற்காவிட்டால் கியர்பாக்ஸ் பக்கம். பெல்ட்டைத் திரும்ப மாட்டிய பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸ் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தும் கேட்கலாம். சுற்றுகிற சாமான் பக்கம் துணியோ கையோ போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி. இந்தச் சத்தத்துக்கு முன்னால் வண்டியில் கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள்? கியர்பாக்ஸுக்குச் சம்பந்தம் இல்லாத வேலையாக இருந்தாலும் சொல்லுங்கள்.

தெப்பக்குளத்தான்:

பெல்ட்டைக் கழற்றி ஓட்டினோம் சார். சத்தம் அப்படியே இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் வைத்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில்தான் பலமாகக் கேட்கிறது.

கடைசியாகப் பார்த்த வேலை, பிப்ரவரியில் ரேடியேட்டர் ஒழுகியது, புதிது மாற்றினார்கள். வேறு ஒன்றும் இல்லை.

திருமங்கலம் ஃபோர்மேன்:

அங்கேதான் இருக்கிறது தம்பி!

பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர வைக்கும் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். ரேடியேட்டரைக் கழற்றும்போது அந்த இரண்டு ஹோஸையும் பிடுங்கித்தான் ஆக வேண்டும், பிடுங்கினால் ஹோஸில் இருப்பது, கூலரில் இருப்பது என்று எண்ணெய் கீழே ஊற்றும். கூலன்ட் ஊற்றி நிரப்புகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். பழைய வண்டி என்றால் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி, டிப்ஸ்டிக் இருக்கும், குறைந்தது கண்ணுக்குத் தெரியும். உங்கள் மாடலில் டிப்ஸ்டிக் இருக்காது, லெவல் பார்க்கும் போல்ட் மட்டும்தான், யாரும் திறக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு ஹோஸ் கிளாம்ப் சரியாக இறுகாமல் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும்.

எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அதுதான் "உய்ய்ங்". காலையில் அழுத்தம் ஏற நேரமாகும், டி-யில் தாமதம். மலை வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் சாயும், உறிஞ்சும் வாய் வெளியே தெரியும், இழுவை போகும். நீங்கள் முதல் நாளே சொன்ன மூன்றும் இதில் பொருந்துகிறது.

வண்டியை இனி ஓட்டாதீர்கள். எண்ணெய் குறைவாக ஓடினால் கிளட்ச் தட்டு கருகும், அப்புறம் அந்த 1,40,000 உண்மையாகிவிடும்.

வாடிப்பட்டி அக்கா:

தம்பி, இறங்கும் எண்ணெயை ஒரு வெள்ளை டப்பாவில் பிடித்துப் பாருங்கள், என் வண்டிக்கு நான் அப்படித்தான் செய்தேன். சிவப்பு கொஞ்சம் மங்கி இருந்தால் பயம் இல்லை. கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் தட்டு கருகியிருக்கும். ஸ்ட்ராபெரி பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் கூலன்ட்டும் எண்ணெயும் கலந்துவிட்டது என்று பொருள், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். உங்கள் பழைய ரேடியேட்டர் ஒழுகியது என்கிறீர்கள், அதனால் கட்டாயம் பாருங்கள். அடித்தட்டு கழற்றுகிற மாதிரி இருந்தால் அதில் காந்தம் இருக்கும், சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம், கைக்கு உறுத்துகிற இரும்புத் துண்டு இருந்தால் அப்போது கியர்பாக்ஸை இறக்கச் சம்மதியுங்கள்.

என் வண்டியில் சத்தம் கிடையாது, 70-இல் போகும்போது வரிவரியாக மேடு போட்ட ரோட்டில் ஓட்டுகிற மாதிரி ஒரு நடுக்கம். எண்ணெய் மாற்றியதும் நின்றது. எல்லோருக்கும் அப்படி நிற்கும் என்று சொல்ல மாட்டேன்.

தெப்பக்குளத்தான்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். வண்டியை லாரியில் ஏற்றி வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். லிஃப்டில் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ரேடியேட்டரில் கியர்பாக்ஸ் எண்ணெய்க் கூலரின் கீழ் ஹோஸ் மூட்டு, சுற்றிலும் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து களிம்பாகிக் கிடந்தது. கீழே பிளாஸ்டிக் தகடு மறைத்ததால் வீட்டுத் தரையில் ஒரு சொட்டு கூட விழவில்லை, இல்லையென்றால் நானே பார்த்திருப்பேன்.

எஞ்சினை ஓடவிட்டு, கியரை எல்லா நிலையிலும் ஒருமுறை மாற்றி, ஸ்கேனரில் எண்ணெய் வெப்பநிலை புத்தகத்தில் சொன்ன அளவுக்கு வந்ததும் மெக்கானிக் லெவல் போல்ட்டைத் திறந்தார். ஒன்றுமே வரவில்லை. எண்ணெய் சரியாக இருந்தால் மெல்லிய நூலாக வழிய வேண்டுமாம். சுமார் 1.3 லிட்டர் ஊற்றிய பிறகுதான் வழிந்தது. எண்ணெய் மங்கின சிவப்பு, தீய்ந்த வாடை இல்லை, பால் நிறமும் இல்லை. அக்கா, அந்தக் காந்தம் பார்க்க முடியவில்லை, என் கியர்பாக்ஸில் அடித்தட்டு தனியாகக் கழறாது என்றார், இறங்கிய எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டிப் பார்த்தோம், துண்டு எதுவும் இல்லை.

94,000 ஓடிவிட்டதால் எண்ணெயையே மாற்றச் சொல்லிவிட்டேன். ஒருமுறை வடித்தால் பாதிதான் இறங்கும், மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும் என்பதால் இரண்டாயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்ற வேண்டும். புது கிளாம்ப், எண்ணெய், கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய்.

நேற்று மாலை அம்மாவை உட்கார வைத்து மறுபடியும் பழமுதிர்ச்சோலைக்கு ஏறினேன். அதே வளைவு. சத்தம் இல்லை, இழுவை போகவில்லை. டி-யில் போட்டதும் பிடிக்கிறது. காலையில் முதல் ஒரு நிமிடம் மட்டும் மிக மெல்லிசாக ஒரு இரைச்சல் கேட்கிறது, சூடானதும் போய்விடுகிறது. ஃபோர்மேன் சார், அதை விட்டுவிடலாமா?

திருமங்கலம் ஃபோர்மேன்:

நல்ல செய்தி. காற்று கலந்த எண்ணெயில் சில நாள் ஓடியதால் பம்ப் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம். அந்த இரைச்சல் இப்போது இருக்கும் அளவிலேயே நின்றால் விட்டுவிடுங்கள், கூடினால் வாருங்கள். காலையில் வரும் அந்தச் சத்தத்தை இப்போதே செல்போனில் பதிவு செய்து தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், கூடியிருக்கிறதா என்று நினைவை வைத்துச் சொல்ல முடியாது. 500 கி.மீ. ஓடியதும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி அந்த ஹோஸ் மூட்டைத் துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெப்பக்குளத்தான்:

பதிவு செய்துவிட்டேன் சார். 500 முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். ஒத்தக்கடைத் தம்பிக்கும் அக்காவுக்கும் உங்களுக்கும் அம்மா நன்றி சொல்லச் சொன்னார்கள்.